பொட்டுக்குக் கீழே எரிந்த லைட்

இன்று வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கக் கடைசி நாள். புகைச் சோதனையில் தேறாவிட்டால் என் பழைய ஜீப் காயலான் கடைக்குத்தான்.

கொடும்பாளூர் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிட்டது. விராலிமலையிலிருந்து வந்த மெக்கானிக்கிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"புகையை அளக்குற ஆக்ஸிஜன் சென்சாரை ரெண்டு தடவை மாத்தியாச்சு தம்பி. கோளாறுன்னா எரியுற இன்ஜின் லைட்டும் ஆயுத பூஜையிலேருந்து எரியல. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

அவர் சாவியைத் திருப்பினார்.

"சாவி போட்டா எல்லா லைட்டும் ஒரு தடவை எரியணும்ணே. இன்ஜின் லைட்டை மட்டும் காணோமே?"

டேஷ்போர்டில் என் மனைவி அப்பியிருந்த சந்தனப் பொட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. வண்டியை எப்படியோ ஸ்டார்ட் செய்தார். மற்ற லைட்டெல்லாம் அணைந்தன. அது அணையவில்லை.

வண்டிக்கு அடியில் புகுந்தவர் அங்கிருந்தே கத்தினார். "சென்சார் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போற வயரு சைலன்சர்ல ஒட்டி உருகிக் கெடக்குண்ணே!"

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூட இன்னும் ஒரு மணி நேரம்தான். வயர் வாங்க அவர் பைக்கில் பறந்தார். நான் மனைவிக்குப் போன் போட்டு ஆத்திரம் தீரக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பொட்டை எதுக்குங்க அழிச்சீங்க? அதான் வண்டி நின்னுருக்கு."

நின்ற பிறகுதான் அழித்தோம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். காதில் ஏறவில்லை.

மெக்கானிக் இன்னும் வரவில்லை. சாலையோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் பொட்டு எந்த லைட்டின் மேல் இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சுரண்டுவதற்கு முன் வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.