புகாரின் மூன்றாவது பத்தி

மகளின் பள்ளியிலிருந்து வருகிற எந்தக் காகிதத்தையும் நான் இதுவரை படித்ததில்லை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மலையாளம் காதில் விழுந்தால் ஒரு சொல் தப்பாமல் புரியும், சண்டை போடும் அளவுக்குப் பேசவும் வரும். எழுத்தைப் பார்த்தால்தான் ஜிலேபி பிழிந்து வைத்தது மாதிரி இருக்கும். மகள் எனக்கு நேர்மாறு. மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதுவாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. விடுப்புக் கடிதமோ, விண்ணப்பமோ, நான் தமிழில் சொல்வேன், அவள் மலையாளத்தில் எழுதுவாள், நான் கீழே தமிழில் கையெழுத்துப் போடுவேன். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதேதான் நடக்கிறது. பிள்ளைகள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் இட்லிக் கடை. கடை என் பொறுப்பு. கணவருக்கு எலெக்ட்ரிஷியன் வேலை, படகும் பஸ்ஸும் மாறி வல்லார்பாடம் தீவுப் பக்கம் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே பழைய கிடங்குகளில் வயரிங் வேலை வரும், அப்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அந்த மகராசனுக்கு சுவிட்சைத் தொட்டாலே கை நடுங்கும். ஆனாலும் அவன்தான் போவான், ஆண்பிள்ளையாயிற்றே. ஒன்பதாம் வகுப்பு மகள் கடையில் என்னோடு தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். அப்பா மிச்சம் கொண்டுவரும் வயரையும் ஹோல்டரையும் ஒரு பலகையில் பொருத்தி அவளாகவே விளக்கு எரிய வைப்பாள். நான் டெஸ்டரைப் பிடுங்கி அலமாரி மேல் வைப்பேன். பொட்டப்பிள்ளைக்குக் கரண்டு வேலை எதற்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை.

இங்கே பள்ளிகளில் வருஷாவருஷம் கைத்தொழில் போட்டி ஒன்று நடக்கும். பிள்ளைகள் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து தங்கள் கையாலேயே ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். குடை தைப்பது, ஊதுபத்தி உருட்டுவது, காகிதப் பூ கட்டுவது, எலெக்ட்ரிக்கல் வயரிங் என்று பல வகை. வகைக்கு ஒருவரைத்தான் பள்ளி அனுப்பும். ஒருநாள் சாயங்காலம் மகள் கடைக்குள் வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வயரிங்குக்குப் பேர் குடுத்தேன். மாஷ் வெட்டிட்டாரு. பெண்குட்டிங்க எல்லாம் பேப்பர் பூவாம்."

மாஷ் என்றால் இங்கே ஆண் வாத்தியார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் நானே அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. நான் சொன்னால் அது தாயின் பயம். என் பிள்ளையைப் பார்த்து வேறொருவர் சொன்னால் அது அநியாயம். அப்படித்தான் என் புத்தி கணக்குப் போட்டது.

மறுநாள் காலை வேலை முடிந்ததும், மாவுக் கையைக் கழுவியும் கழுவாமலும் பள்ளிக்குப் போய்விட்டேன். மாஷ் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பெண்பிள்ளைக்கு ஷாக் அடித்தால் நாளை நீங்களே வந்து என் சட்டையைப் பிடிப்பீர்கள் என்றார். ஆண்பிள்ளைக்கு அடித்தால் அது கரண்டு இல்லையா, பன்னீரா என்று கேட்டேன். விதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். விதி ஒன்றும் இல்லை சேச்சி, வழக்கம் அப்படி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயர்ப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை போய்விடும் என்பதையும் அவரே சொன்னார். வராந்தாவில் நின்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு வகுப்புகளின் பாடம் நின்றதுதான் மிச்சம்.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு என்பது அவருடைய பழைய பாட்டு. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

எங்கள் கடைக்குத் தினமும் காலையில் ஒரு இத்தா சாயா குடிக்க வருவார். இங்கே முஸ்லிம் அக்காமார்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் பியூன். கோப்புகளைத் தூக்கிச் சுமந்தே எந்தக் காகிதம் எங்கே போகும், எது குப்பைக்குப் போகும் என்று அத்தனையும் அத்துப்படி. என் வீரப் பிரதாபத்தை எல்லாம் கேட்டுவிட்டு இத்தா கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சத்தம் போட்டா அதுக்கு ஃபைல் நம்பர் உண்டோ? பேப்பர்ல எழுதிக் குடு. பேப்பருக்குத்தான் பதில் சொல்லணும்."

ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, பள்ளிக்கூடம் அதற்கு வெளியே இல்லை என்றார். வெள்ளைத்தாள் போதும், வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. முதலில் தலைமை ஆசிரியைக்கு. கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் வாங்கிக்கொண்டதாக முத்திரை குத்தி வாங்கிவிட வேண்டும், அது இல்லாமல் படியிறங்கக் கூடாது. பதில் வரவில்லையென்றால் அந்த முத்திரைப் பிரதியோடு மேலே கல்வி அதிகாரியின் அலுவலகம். அங்கேயும் அசையவில்லையென்றால் குழந்தைகளின் உரிமைக்கென்றே ஆணையம் இருக்கிறது. எழுதும்போது என் கோபத்தை எழுதக் கூடாதாம். என்றைக்கு, யார், என்ன சொன்னார், நமக்கு என்ன வேண்டும், இவ்வளவுதான் வேண்டுமாம். கோபத்தை எழுதக் கூடாது என்றதும் எனக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கடையின் பின் பெஞ்சில் மகளும் நானும் உட்கார்ந்தோம். புகார் அவள் பெயரில், கீழே பெற்றோர் கையெழுத்து. நான் நாலு வாக்கியம் சொன்னேன். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். மலையாளம் கொஞ்சம் நீளமான மொழிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கையெழுத்தைப் போட்டேன். மறுநாள் அலுவலக அறையில் முத்திரை குத்திய பிரதியை வாங்கியபோது பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியை நடுவில், ஒரு பக்கம் மாஷ், எதிரே நானும் மகளும். தலைமை டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புகாரைச் சத்தமாக வாசித்தார். முதல் பத்தியில் நடந்தது இருந்தது. இரண்டாவது பத்தியில், வயரிங்குக்கு ஆண் பெண் எல்லோருக்கும் தேர்வு வைக்க வேண்டும் என்ற கோரிக்கை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து மாஷை ஒரு பார்வை பார்த்தேன். டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். நான் சொன்ன நாலு வாக்கியமும் முடிந்துவிட்டதே என்று யோசிப்பதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதே பாரபட்சம் என் வீட்டிலும் நடக்கிறது. என் அம்மா அண்ணனிடம் டெஸ்டரையும் என்னிடம் தேங்காய்த் துருவியையும் கொடுக்கிறார். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாததால் இந்தப் பத்தியை நானே சேர்த்திருக்கிறேன். முதலில் பள்ளி விஷயத்தை விசாரித்தால் போதும்."

அவர் மலையாளத்தில் வாசித்ததை நான் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் இல்லை. காது மடல் வரை சூடேறியது. மகளைப் பார்த்தேன், அவள் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஷுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பெற்ற தாயே பயந்து டெஸ்டரைக் கொடுப்பதில்லை, அப்புறம் நான் எந்தத் தைரியத்தில் இந்தக் குட்டியை அனுப்புவது என்று கேட்டார். டீச்சர் தலையசைத்தார். நான் வீட்டில் உளறிய சொல்லே என் பிள்ளையின் பெயரை இரண்டாவது தடவை வெட்டப் போகிறது. இப்போது விட்டால் நாளை மறுநாள் பட்டியல் போய்விடும்.

எழுந்து நின்றேன்.

"நான் செஞ்சது தப்புதான் டீச்சர். அதுக்காக மாஷ் செஞ்சது சரியாயிடாது. என்னை வீட்டுல அவ விசாரிச்சுக்கிடட்டும். இங்க நீங்க மாஷை விசாரிங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவரும் சிரித்துவிட்டார். நாளைக்கே தேர்வு வைக்கலாம், பெயர் கொடுக்கிற எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே நேரம் என்றார். மாஷ் பெயர் குறிக்கப் பேனாவை எடுத்தார்.

வியாழக்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்து இன்னொரு பெண்பிள்ளையும் பெயர் கொடுத்திருந்தாள். ஒரு பையனுக்கு ஃபியூஸ் போய்விட்டது, இன்னொருவனுக்கு விளக்குக்குப் பதில் பெல் அடித்தது. என் மகளின் பலகையை மாஷ் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மார்க்கை எழுதினார் என்று அவள் வந்து சொன்னாள். மாஷ்மீது எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மரியாதை வந்தது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் போனது. போட்டியில் பி கிரேடுதான் கிடைத்தது. பள்ளி கொடுத்த ஸ்க்ரூ டிரைவர் மொக்கை என்று ஒரு வாரம் புலம்பினாள். இனி எல்லா வகைக்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் பெயர் கேட்கப்படும் என்று பள்ளியிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. இத்தா அதை வாங்கிப் பார்த்து, முத்திரை நேராக விழுந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்று இரவு தட்டுக் கழுவும்போது மகள் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் பதில் குடுத்தாச்சு. உங்க பதில் எப்போ?"

வாயால் சொன்னால் செல்லாது என்று அவள் முகமே சொன்னது. ஒரு வரித்தாளை எடுத்து நானே எழுதினேன். வரும் ஞாயிறு முதல் டெஸ்டர் மகளிடம் இருக்கும், தேங்காயை அண்ணன் துருவுவான், அப்பாவோடு வேலைக்குப் போவது யாருக்கு ஆசையோ அவர்கள் பாடு. இதைக் கேட்டு மகன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான், பாவம், இத்தனை நாள் பயந்து பயந்து போய்க்கொண்டிருந்தவன். இவ்வளவு நாள் தவறாக நடந்துகொண்டேன் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது.

நான் எழுதியது தமிழில். அவள் சுவரில் சாய்ந்து, விரலை வைத்து, எழுத்துக்கூட்டிக் கூட்டி வாசித்தாள். 'துருவுவான்' என்ற இடத்தில் இரண்டு தடவை திக்கினாள். நான் உதவவில்லை. பதினாலு வருஷத்தில் நான் எழுதிய ஒன்றை அவள் வாசிப்பது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவள் எழுதியதற்கு நான் கையெழுத்துப் போட்டதோடு சரி. கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். வாசித்து முடித்ததும் பார்சல் பைகளில் குத்துகிற கடை முத்திரையை எடுத்து வந்து நீட்டினாள். குத்தினேன். பள்ளியின் பதிலோடு சேர்த்து அதே உறையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையின் ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற ஸ்டூலில் ஏறினாள். அப்பா மெயினை அணைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அவளும் டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சரி என்றாள். நான் ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. இறங்கு என்று மட்டும் சொல்லவில்லை.