எருக்குழியில் போகிச் சாம்பல்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குப்பையாக இருந்தாலும் கடைசியில் வந்து சேரும் இடம் என் எருக்குழிதான். காலையில் வாசல் பெருக்கியதும் முறத்தில் அள்ளிக்கொண்டு வருவார்கள். பக்கத்துக் கொட்டகையில் நான் சாணம் வாரிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கொட்டிவிட்டு, முறத்தைக் குழியின் விளிம்பில் தட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தட்டுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாய் திறந்தால் சண்டைதான். வாசல் கூட்டியதை மாடு வைத்திருக்கிற வீட்டுக் குழியில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கொட்டுகிறவர்கள் நமக்கு ஏதோ உதவி செய்கிற நினைப்பில்தான் கொட்டுகிறார்கள். இலை தழையும் அடுப்புச் சாம்பலுமாக இருந்தால் உதவிதான், யார் இல்லை என்றது? வருவதென்னவோ ஷாம்பு பாக்கெட், பால் கவர், உடைந்த பல்பு, குழந்தைக்குக் கட்டிய டயப்பர். நான் சாணத்துக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பேன். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த முறம் வரும்.

அந்தக் குழிக்காக எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், என் புல் அதன் எருவில்தான் வளர்ந்தது.

கவரைப்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊரில் மாடு மேய ஏரியோரம் ஒரு வெளி இருந்தது. அங்கே காம்பவுண்டு சுவர் எழும்பியதும் தெருவில் ஒவ்வொருவராக மாட்டை விற்றார்கள். நாங்களும் விற்றோம், ஒரு செவலைப் பசுவைத் தவிர. அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. நான் கிடேரிக் கன்றாக வாங்கி வளர்த்தது. என் குரல் கேட்டால்தான் பால் இறக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கழனியில் நெல்லை நிறுத்திவிட்டு, அதற்காகவே கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். தெருவே சிரித்தது. கழனியில் புல் முளைத்தால் பிடுங்குவார்கள், இவள் விதைக்கிறாளே என்று.

யூரியா போட்டால் சீக்கிரம் வரும் என்றார்கள். நான் கேட்கவில்லை. கொட்டகையில் தினமும் சாணம் விழும்போது எதற்குக் கடைக்குப் போகவேண்டும்? ஆனால் முதல் தடவை பச்சைச் சாணத்தைக் கரைத்து அப்படியே புல்லில் ஊற்றினேன். புல் வந்தது, மாடு தொடவில்லை. குனிந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி நின்றது. தன் சாண வாடை அடிக்கிற புல்லில் எந்தப் பசுவும் வாய் வைக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு குழி வெட்டி, சாணம், மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், தின்று கழித்த புல் என்று அடுக்கி, மண் போட்டு மூடி, ஈரம் காயாமல் பார்த்து, கிளறிவிட்டு, மட்கவைத்தேன். கையை உள்ளே விட்டால் சூடு இருக்கக்கூடாது. மோந்தால் மழை பெய்த மண் மாதிரி இருக்கவேண்டும். மேய்ந்து முடித்த புல்லில் அதைத் தூவி, தண்ணீர் கட்டி, வாடை முழுக்கப் போகும்வரை மாட்டை உள்ளே விடாமல் இருந்தால், வருகிற புல்லைப் பார்க்க எனக்கே நாக்கு ஊறும்.

அந்த வருடம் செவலை சினையாக இருந்தது. நல்ல புல்லாகக் கொடுத்துக் கன்றை முழுசாகப் பார்த்துவிட வேண்டும், எனக்கு வேறு யோசனையே இல்லை.

போகி வந்தது. விடியற்காலையில் தெருமுனையில் கொளுத்தினார்கள். பாய், தட்டி என்று கொளுத்தினால் பரவாயில்லை. ஹைவேஸ் ஓரத்துப் பஞ்சர் கடையில் கிடந்த லாரி டயரை எல்லாம் உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். புகையில் எதிர்வீடு தெரியவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன்.

மறுநாள் பொங்கல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனால் குழி முழுக்கக் கறுப்பாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா காலி அன்னக்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"போகி சாம்பல்மா. மொத்தத்தையும் உனக்குத்தான் எட்தாந்தேன். பின்னாடி தெருவுல கேட்டாங்க, தரல."

"ரப்பர் நாத்தம் அடிக்குதேக்கா!"

"நீதான சொன்ன, சாம்பல் போட்டா புல்லு நல்லா வரும்னு. நல்லது செய்யலாம்னு வந்தா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு நிக்கிற."

நான் சொன்னது அடுப்புச் சாம்பலை. அதை நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவள் பொங்கல் நாளும் அதுவுமாக ஏன் வாய் கொடுக்கவேண்டும் என்கிற மாதிரி நடையைக் கட்டிவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்ததும் மேலே கிடந்த சாம்பலை வாரி வெளியே போடலாம் என்று இருந்தேன். அதற்குள் ஆரணியில் இருக்கிற என் தங்கைக்கு ஆபரேஷன் என்று போன் வந்தது. கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர்.

"மேல கெடக்குற கறுப்பு சாம்பல வாரி வெளிய போட்டுரு. மறக்காத."

"சரி."

தங்கைக்குத் தையல் பிரித்ததும் திரும்பினேன். குழி துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

"யோவ், சாம்பல எங்க போட்ட?"

"புல்லுலதான். நீ வர்றதுக்குள்ள எருவையும் சேத்து எறச்சி, தண்ணியும் கட்டிட்டேன்." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"வெளிய போடுன்னுதானே சொன்னேன்?"

"குழிக்கு வெளியதான போட்டேன்? சாம்பல் நல்லதுன்னு நீயே சொல்லுவியே. எதுக்கு வீணாக்கணும்?"

இந்த மனிதரை என்ன செய்வது? திட்டினால் திட்டு முடியும்வரை நின்று கேட்டுக்கொள்வார். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. நானே இறங்கி, கறுப்பாகத் தெரிந்த இடத்தை எல்லாம் சுரண்டி எடுத்தேன். மிச்சத்தைத் தண்ணீர் உள்ளே இழுத்துவிட்டிருந்தது. ரப்பர் நாற்றம் போகட்டும் என்று வழக்கத்தைவிட அதிக நாள் மாட்டைத் தள்ளியே கட்டினேன். என் பயம் முழுக்க நாற்றத்தைப் பற்றித்தான். டயருக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் புல் முழங்கால் தொட்டது. அப்படி ஒரு பச்சை. செவலையை அவிழ்த்துவிட்டேன். வாய் நிறைய நிறைய மேய்ந்தது. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போனால் போகட்டும் என்று வீட்டுக்காரரைக்கூட மன்னித்துவிட்டேன்.

அந்த வாரமே அது தீனியைவிட்டு ஒதுங்கியது. முதுகைத் தூக்கி, முன்னங்கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு நின்றது. படுக்கவில்லை, அசை போடவில்லை. அடி எடுத்து வைத்தால் முனகியது. மாடு மனிதர் மாதிரி முனகுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்து அதன் முதுகைப் பிடித்து அழுத்தினார். மறுபடி முனகல். நெஞ்சுப் பக்கம் தட்டிப் பார்த்தார்.

"கம்பி, ஆணி ஏதாவது முழுங்கிச்சாம்மா?"

"புல்லுதாங்க மேஞ்சிது. நானே எரு போட்டு வளத்த புல்லு."

"அந்தப் புல்லைக் காட்டுங்க."

இருவரும் கழனியில் குந்தி உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்த்தோம். தூரோடு தூராக, தலைமுடிக்குக் கொஞ்சம் தடிமனாக, சுருண்டு சுருண்டு துருப்பிடித்த கம்பி. ஒன்று இல்லை, கையை வைத்த இடமெல்லாம். "டயர் கம்பி" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யாரைப் போய் அடிப்பது? ஒருத்தி நல்லது என்று கொட்டினாள், ஒருத்தர் நல்லது என்று இறைத்தார்.

சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காந்தத்தை அதன் தொண்டைக்குள் தள்ளினார். வயிற்றிலேயே கிடந்து கம்பியை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். ஊசி போட்டார். முன்னங்கால் மேடாக இருக்கும்படி பலகை போட்டு நிறுத்தச் சொன்னார். "கம்பி இதயம் பக்கம் போகாம இருந்தா பொழைச்சுக்கும். கன்னுக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன்" என்றார்.

கொட்டகையை விட்டு நான் நகரவில்லை. வீட்டுக்காரர் டீயைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பச்சைப் புல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு பிடி அறுத்துப் போட வழியில்லை. கடை வைக்கோலை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஒருநாள் விடிந்ததும் அதன் தாடை மெதுவாக அசைவதைப் பார்த்தேன். அசை போட்டது. தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆடியில் கன்று போட்டது. கிடேரி, தாய் மாதிரியே செவலை.

அந்தப் புல்லை அடியோடு வெட்டிக் கொளுத்தினேன். காயலான் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் வாங்கி, கயிற்றில் கட்டிக் கழனி முழுக்க இழுத்தேன். தெரு வேடிக்கை பார்த்தது. இழுத்த கம்பியை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, வாயில்லாத ஜீவன். இனிமே நான் பாத்துக்கிறேன்மா" என்றாள். குழிக்குத் தகரம் போட்டு மூடினேன். மறுபடி எரு போட்டேன், மறுபடி புல் வந்தது.

அடுத்த போகியும் வந்தது. இந்தத் தடவை ரப்பர் புகை இல்லை. எனக்கே ஆச்சரியம். மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனபோது அக்கா என் கழனி வரப்பிலிருந்து அன்னக்கூடையைத் தட்டிக்கொண்டே ஏறி வந்தாள்.

"குழிய மூடி வச்சிகிற. அதான் நேரா புல்லுலயே தூவிட்டேன். உனக்கு ஒரு வேல மிச்சம்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. உன் மாட்டுக்காகவே தெருவுல ஒருத்தரயும் டயரு போட உடல நானு. எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். எங்க ஊட்டு பழைய சோபா இருந்திச்சி பாரு, அத மட்டுந்தான் கொளுத்தினோம்."

சோபாவுக்குள் எத்தனை ஸ்பிரிங்கு, எத்தனை ஆணி என்று அவளிடம் என்னவென்று சொல்வது? கழனியைப் பார்த்தேன். அவள் சரிசமமாகத் தூவியிருந்தாள், ஓர் இடம் விடவில்லை. நான் கொட்டகைக்குள் போய்ப் பரணிலிருந்து காந்தத்தை எடுத்தேன். மறுநாள் மாட்டுப் பொங்கலுக்காக முன்கூட்டியே கொம்பில் வர்ணம் பூசியிருந்த செவலையும் அதன் கன்றும் என்னைப் பார்த்துக் கத்தின. அவிழ்த்துவிடுகிற நேரம் ஆகியிருந்தது.