டோரதியக்கா திருப்பி அனுப்பிய லாரி

டோரதியக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவர் என் வேலைக்கு வந்து வாய்த்த எதிரி என்பதுதான். நான் அசோகன், கான்கிரீட் பம்ப் ஓட்டுகிறவன். அவர் அந்தக் கான்கிரீட்டைச் சோதிக்கிறவர். திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்கு மேலே எழும்பிக்கொண்டிருக்கும் பாலத்தில் இரண்டு வருடமாக எங்களுக்குள் சண்டை. கலவை இளக்கமாக இருந்தால் என் பைப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

ராயபுரத்துக்காரர். இருபது வயதில் சித்தாளாக வந்தவர். அப்போதெல்லாம் பாலம் என்றால் நூறு பேர் வரிசையில் நின்று இரும்புச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். கிளறுவதற்குச் சிரமமாக இருக்கிறதென்று மேஸ்திரி தண்ணீரை ஊற்றுவார், எல்லோருக்கும் சுகம். அப்படிக் கட்டிய ஒரு கால்வாய்ப் பாலம் மூன்றே மழைக்காலத்தில் பொரிந்து உதிர்ந்து கம்பியைக் காட்டியது. "நான் தலைல தூக்கினு போய்க் கொட்னது நைனா அது" என்று இன்றைக்கும் வயிறெரிவார். முப்பத்திரண்டு வயதில் தனியாகப் படித்துப் பத்தாவது எழுதி, சோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

இன்றைக்குக் கலவை ஆலையிலிருந்து லாரியில் சுழன்றுகொண்டே வருகிறது. உத்தரங்களை வேறெங்கோ வார்த்து, ட்ரெய்லரில் கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைக்கிறார்கள். நூறு தலை சுமந்ததை என் பம்ப் ஒன்றே ஏற்றிவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் புத்தி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன மே மாதம் ஏழாவது தூணின் தலைப்பகுதியை வார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் நிற்கக்கூடாது. நின்றால் பழைய கலவையோடு புதியது ஒட்டாது. மூன்று லாரி இறங்கியாயிற்று. நான்காவது அலி அக்பர் பாயுடையது. மணலியில் டேங்கர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அக்கா தன் கூம்பை எடுத்தார். அடியில்லாத வாளியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதில் கலவையை நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெல்லத் தூக்கி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளக்க வேண்டும். பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை சரியலாம். அன்று கஞ்சி மாதிரி தட்டில் பரவியது.

"பாய், தண்ணி வுட்டியா?"

பாய் என் பக்கம் பார்த்தார்.

"எட்த்துகினு போ. இது இங்க இறங்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யக்கா, இன்னா பேஜாரு பண்ற! பைப்புல கலவ இறுகிகினு கீது. அடச்சிகினா யாரு கழட்றது?"

"பைப்ப கழட்டிக் கழுவிக்கலாம் அசோகா. தூண கழட்ட முடியுமா?"

இன்ஜினியர் ஷிபினுக்கு வியர்த்துக் கொட்டியது. "அக்கா, இறக்கிடலாம். அடுத்த லாரி நேரத்துக்கு வரலைன்னா மொத்தத்தையும் இடிக்கணும். பழி உங்க தலையில விழும். வேலையே போயிடும்."

"விழட்டும் சார். எவ்ளோ சட்டி தூக்குன தலை இது."

சொல்லிவிட்டு, ஐம்பது வயதில் விறுவிறுவென்று ஏணியில் ஏறிவிட்டார். வார்த்த கலவை வெயிலில் காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடினார். இறுகாமலிருக்க, கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டரை விட்டு விட்டுக் கொடுக்கச் சொன்னார். ஆலைக்குப் போன் போட்டு, வண்டி எங்கே வருகிறது என்று உயிரை வாங்கினார். நான் அவரைத் திட்டிக்கொண்டே, பைப்பில் கலவை இறுகாதபடி பம்பை முன்னும் பின்னுமாக ஓட்டினேன். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் லாரி வந்தது. கூம்பைத் தூக்கினார், பதினொன்று. தூண் பிழைத்தது. அக்கா சாக்கின் மேலேயே உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

வார்ப்பு முடிந்ததும் ஷிபின் புகார்ச் சீட்டு எழுத உட்கார்ந்தார். 'டிரைவர் தண்ணீர் சேர்த்தார்' என்று எழுதிவிட்டால் அலி அக்பர் பாய்க்கு ஆலையில் வேலை கிடையாது. திருப்பி அனுப்பிய கலவையை வேறெங்கோ கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வந்திருந்த பாய் என்னைப் பார்த்தார். மணலி நெரிசலில் நின்றுகொண்டு, "கலவ கெட்டியாய்கினு கீது, இன்னா பண்றது?" என்று அவர் போனில் கேட்டபோது, "தண்ணி ஹோஸ தொற பாய், ரெண்டு நிமிசம் வுடு" என்று சொன்னவன் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், பாய் பேர எழுதாத. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

"தெரியும்டா. லாரி வந்ததுலேர்ந்து பாய் உன் மூஞ்சியதான பாத்துகினு இருந்தாரு. நீயா சொல்றியான்னு பாத்தேன்" என்றார் அக்கா.

ஒரு வாரம் நான் பம்பைத் தொடக்கூடாது, அக்காவுக்குக் கூம்பு தூக்க வேண்டும் என்று ஷிபின் உத்தரவு போட்டார். அடுத்த வார்ப்பில் முதல் லாரிக்கு நானே நிரப்பினேன், நானே குத்தினேன், நானே தூக்கினேன். பதினாறு. என் பைப்புக்குத் தேனாக ஓடியிருக்கும். அக்கா அளவுகோலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்த்துகினு போ" என்றேன் டிரைவரிடம்.