பிள்ளையார் உட்கார்ந்த இடைவெளி

பஸ்ஸுக்கென்று தனிப்பாதை போட்டவர்கள் மேல் எனக்கு இருப்பது பாதிக் கோபம்தான். மீதி என் தெருக்காரர்கள் மேல்.

எனக்கு இரண்டு கால்களும் வராது. பக்கத்துக்கொரு சக்கரம் கூடுதலாக மாட்டிய ஸ்கூட்டரில்தான் எங்கும் போவேன். வீடு கீழ்பென்னாத்தூர் சாலைக்கு இந்தப் பக்கம். என் ஜெராக்ஸ் கடை நேர் எதிரே, அந்தப் பக்கம். பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் பஸ்கள் ஊருக்கு வெளியே தேங்குகின்றன என்று சாலையின் நடுவே பஸ் மட்டும் போக ஒரு பாதை போட்டார்கள். அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு கான்கிரீட் சுவர்.

எங்கள் தெரு முனைக்கு நேராக மட்டும் இரண்டு சுவரிலும் இடைவெளி விட்டிருந்தார்கள். எங்கள் மேல் கரிசனம் ஒன்றும் இல்லை, ஜல்லி வண்டி உள்ளே போய்வர விட்டது. அதில் என் ஸ்கூட்டர் தாராளமாகப் புகுந்து கடைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் அதையும் அடைக்கப் போவதாகச் சொன்னார்கள். அடைத்தால் லாரிகளுக்கு நடுவே கூட்டுரோடு வரை போய்த் திரும்பி வரவேண்டும். பௌர்ணமியன்று அதுவும் முடியாது, சாலையில் வண்டி விடமாட்டார்கள். லாட்ஜில் அறை கேட்பவர்கள் ஆதார் நகலுக்கு என் கடையில் வரிசை கட்டுவது அன்றைக்குத்தான்.

இன்ஜினியரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"கொஞ்சம் சுத்திட்டுப் போங்க சார். பப்ளிக்குக்காகத்தானே போடறோம்."

கொஞ்சமாம். நான் பப்ளிக் இல்லை போலிருக்கிறது.

எங்கள் தெரு சங்கத் தலைவர்தான் யோசனை சொன்னார். "அந்த சந்துல ஒரு பிள்ளையாரை வச்சிட்டா எவன் கை வைப்பான்? நீ கம்முனு இரு. உனக்காகத்தான் செய்யறோம்."

எங்கள் பக்கத்துச் சுவரின் இடைவெளியில், ஓரமாக, ஒரு கல்லின் மேல் சிறிய பிள்ளையாரை வைத்தார்கள். அடைக்க வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, எதிர்ச்சுவரையும் அடைக்காமல் கலவை மெஷினைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்கூட்டரை அவர் பக்கத்தில் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சாமி ஓரமாக உட்கார்ந்தால் தெருவுக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, பிள்ளையார் நடுவுக்கு வந்தார். அவருக்குச் சிமெண்டில் பீடம் எழும்பியது. மழைக்குத் தகரக் கூரை. நாய் நுழைகிறது என்று சுற்றிலும் கிரில். கும்பாபிஷேகத்துக்கு அந்த இன்ஜினியரையே கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். ஜீப்பிலிருந்து இறங்காதவர், அன்றைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்.

கால் உள்ளவர்கள் கிரிலுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்துப் போகிறார்கள். என் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார்கூட அதில் நுழையாது. யாருக்கும் அது உறைக்கவில்லை. சொல்லிப் பார்த்தேன், சாமி விஷயத்தில் சண்டை போடுகிறேன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

போன பௌர்ணமியன்று கிரிலுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். எதிரே பூட்டிய என் கடை. அதன் வாசலில் நான்கைந்து பேர் ஆதார் அட்டையும் கையுமாக நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். தலைவர் விபூதித் தட்டோடு என்னிடம் வந்தார்.

"வண்டியிலயே இருந்து கும்பிடுப்பா. சாமி தப்பா நினைக்காது."

"விபூதி வேணாங்க. கிரிலை எடுத்துட்டு, சாமியைப் பழையபடி ஓரமா வைங்க. நான் கடைக்குப் போகணும்."

அவருக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "பிரதிஷ்டை பண்ண சாமியை எப்படிப்பா நகர்த்தறது?"

"என்னை நகர்த்திட்டீங்களே."

எனக்குப் பக்கத்தில் நின்றவர் தட்டுக்குக் கையை நீட்டினார். அவருக்கு வழிவிட நான்தான் ஸ்கூட்டரைப் பின்னால் எடுத்தேன்.