பாலாடைக்கட்டி உருளையும் அக்காவின் இலையும்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். விருந்தினருக்கு உணவுக்கு முன் கொறிக்க வைக்கும் பண்டமாகிய பாலாடைக்கட்டி உருளை ஒன்றை நான் என் கையாலேயே செய்த விவரத்தையும், அதன் பொருட்டு என் வீட்டில் விளைந்த மகிழ்ச்சியையும் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆரல்வாய்மொழிக்கு அருகே நெடுங்காலம் பலசரக்குக் கடை நடத்தி, இப்போது ஓய்ந்திருப்பவன் நான். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பொட்டலம் மடிக்கக் கடைக்கு வந்த பழைய தாள்களை, மடிப்பதற்கு முன் படித்துப் படித்தே எழுத்து நடை என்று ஒன்றைத் தேடிக்கொண்டேன். ஆகவே என் வாக்கியங்களில் மல்லி, மிளகு வாசனை சற்றுத் தூக்கலாக இருப்பின் பொறுத்தருள்க.

எனக்கு உடன்பிறந்தவர் ஒருவரே. அவர் மூத்தவர், களியக்காவிளையில் ஒரு வியாபாரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் அவரும் கிழக்குக் கோடியில் நானுமாக இருந்தும், எங்களுக்குள் போக்குவரத்து குறைந்ததில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் மகன் இந்தப் புது வீட்டைக் கட்டியபோதுதான் ஒரு சிறு கோணல் விழுந்தது. புதுமனை புகும் பால்காய்ச்சுக்கு நானும் மனைவியும் வெற்றிலை பாக்குத் தட்டுடன் நேரில் சென்று அக்காவை முதலில் அழைப்பது என்று நாள் பார்த்து வைத்திருந்தோம். அதற்குள் மகன், ஆர்வ மிகுதியால், அங்கிருந்தபடியே அழைப்பிதழைக் குடும்பத்தாரின் கைப்பேசிக் குழுவில் போட்டுவிட்டான். எங்கோ இருக்கும் தூரத்து உறவினர் பார்த்த அதே நொடியில் என் அக்காவும் அதைப் பார்த்தார்.

நாங்கள் தட்டுடன் போய் நின்றபோது முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். பால்காய்ச்சு அன்று விடியுமுன்னே வந்து, குத்துவிளக்கு ஒன்றைச் சீராகக் கொடுத்து, திரியும் ஏற்றி வைத்தார். பந்தி போட்டு இலை விரித்தபோதுதான் அந்தச் சொல் வந்தது.

"போன்ல விளிச்ச வீட்டுல போன்லயே உண்டாச்சு மக்கா. இந்த வீட்டுல எனக்கு இலை போடாண்டாம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொன்னதைக் காத்தார். அதன்பின் எத்தனையோ முறை வந்திருக்கிறார், வருடத்துக்கு வேண்டிய புளியும் பலாப்பழமும் சுமந்து வருவார், மணிக்கணக்கில் பேசுவார், சாயா கேட்டு வாங்கிக் குடிப்பார். சோறு என்றால் மட்டும் தலையை ஆட்டிவிடுவார். உண்ணும் வேளை கழிந்த நேரமாகப் பார்த்தே படி ஏறுவார். சண்டை என்று ஒன்று இருந்தால் சமாதானம் பேசலாம். சண்டையே இல்லாத இடத்தில் எதைப் பேசுவது? அக்கா என் வீட்டில் ஒரு பிடி சோறு உண்ண வேண்டும் என்பது மட்டும் என் நெஞ்சில் ஒரு மீன்முள்ளாக நின்றது.

இந்நிலையில் சென்ற விடுமுறைக்கு மகனோடு வளைகுடாவில் இருக்கும் என் மருமகள் மட்டும் வந்திருந்தாள். அவளைப் பார்க்க அக்காவும் அத்தானும் ஞாயிறு மாலை வருவதாகச் செய்தி வந்தது. உன் நாத்தனாருக்கு என்ன சமைக்கலாம் என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"நான் அவியலும் வச்சுப் பாத்தாச்சு, ஆட்டுக்கறியும் வச்சுப் பாத்தாச்சு. மைனி சாயாவைக் குடிச்சிட்டுப் போவாவ, நம்ம ரெண்டுபேரும் மூணுநாள் அதையே சூடாக்கித் திங்கணும். இந்தத் தடவை நீங்க ஆக்குங்க" என்றாள்.

மருமகள் சிரித்தாள். "மாமா, அப்ப நான் சொல்லித்தாறேன். அங்க ஆளுவ வந்தா சீஸ் உருட்டி வைப்போம். அடுப்பே வேண்டாம். தட்டும் வேண்டாம், இலையும் வேண்டாம். பேசிக்கிட்டே கொறிக்கலாம்."

இலை வேண்டாம் என்ற சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. உடனே இசைந்தேன்.

இனி செய்முறை. மருமகள் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்த பாலாடைக்கட்டி இரு வகைப்பட்டது. ஒன்று வெண்ணெய் போல மெத்தென்றிருக்கும்; மற்றது சந்தனக்கட்டை போல இறுகி மஞ்சளாக இருக்கும். மெத்தென்றதைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, விரல் வைத்தால் பதியும்வரை வெளியே வைக்க வேண்டும். இறுகியதைத் தேங்காய்ப்பூப் போலத் துருவி, முன்னதில் பாதியளவு அதனுடன் சேர்க்க வேண்டும். அரைத்த பூண்டு இரண்டு பல்லும் நொறுக்கிய மிளகும் மருமகள் சொன்னவை. பொடியாக அரிந்த பச்சை மிளகாய் இரண்டும், நெய்யில் பொரித்துக் கையால் பொடித்த கறிவேப்பிலையும் நான் சேர்த்தவை. உப்புப் போட நான் கை நீட்டியபோது அவள் தடுத்தாள். பாலாடைக்கட்டியிலேயே உப்பு உண்டென்பதை நாவில் வைத்துப் பார்த்தபின் ஒப்புக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பிசைந்தாயிற்று. அதை உருளையாகச் சுற்றிக் குளிரவைக்க ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்று வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது இல்லை. கொல்லையில் வாழை இருக்கையில் கவலை எதற்கு என்று, குருத்துக்கு அடுத்த இலை ஒன்றை அறுத்து, தணலில் காட்டுவது போல அடுப்புத் தீயில் வாட்டித் துடைத்து வைத்தேன். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். நடுவில் கலவையை வைத்தேன். பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல, கைகள்தாம் பொறுப்பு. ஆயுள் முழுவதும் பழகிய பழக்கத்தில் அவை ஓரத்தைச் சுருட்டி, மேலே மடித்து, முனையைச் செருகி, கண் இமைக்கும் நேரத்தில் கடுகுப் பொட்டலம் ஒன்றைக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டன.

என் மனைவி அடுக்களை வாசலில் நின்றபடி, "கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்று கேட்டாள்.

மருமகள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பொட்டலத்தைப் பிரித்து, இம்முறை பாயைச் சுருட்டுவது போல இலையைச் சுருட்டி, இரு முனைகளையும் முறுக்கி வாழைநாரால் கட்டினேன். ஒரு சாண் நீளத்தில், கைக்கு அடக்கமாக, உருளை அமைந்தது. அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, முந்திரிப்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி வைத்துக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். காற்றாலைகளைச் சுழற்றும் எங்கள் ஊர்க்காற்று அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தபடியே உள்ளே கொண்டுவந்து விட்டது.

"என்ன காத்துடே இது! காத்தாடி சுத்தட்டும், என்னையும் சேத்தா சுத்தணும்?" என்று மூச்சு வாங்கினார். பின்னர் மருமகளைக் கட்டிக்கொண்டு, "மெலிஞ்சு போனியே மக்களே, அங்க சோறு கெடயாதா?" என்றார்.

"இங்க சோறு கெடச்சும் நீ உண்ண மாட்டேங்கியே, அதுக்கு யாரு கேக்கது?" என்றார் அத்தான், செருப்பைக் கழற்றியபடி. அவர் எங்கள் வீட்டில் எப்போதும் வயிறார உண்பவர். மனைவியின் வைராக்கியத்தில் தமக்குப் பங்கில்லை என்று முதல் நாளே அறிவித்தவர்.

"சும்மா கெடயும்" என்று அவரை அடக்கினார் அக்கா.

கொண்டுவந்த காய்கறிகளை வைக்கத் தாமே சென்று குளிர்ப்பெட்டியைத் திறந்தார். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, மீனா பொதிஞ்சு வச்சிருக்கா?"

"மீனில்ல மைனி. ஒங்க தம்பி ஆக்கினது. என்னன்னு அவியகிட்டயே கேளுங்க" என்றாள் என் மனைவி.

"இவனா! இவனுக்கு வெந்நி வைக்கத் தெரியுமா?"

அந்த ஏளனம் எனக்கு உதவியாயிற்று. அக்கா அடுக்களையை விட்டு நகரவில்லை. நான் இலையை மேசையில் வைத்து நாரை அவிழ்த்தேன். குளிரில் இறுகி, வெண்மையும் மஞ்சளும் பச்சையும் கலந்து, உருளை பழுதின்றி வெளிப்பட்டது. இலையிலேயே முந்திரியைப் பரப்பி, இலையின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி அதை உருட்டினேன். முந்திரி முழுதும் ஒட்டிக்கொண்டது. தட்டுக்கு மாற்றினால் உடையுமோ என்றஞ்சி இலையோடு கூடத்துக்கு எடுத்து வந்து, சுற்றிலும் பிஸ்கட்டும் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸும் அடுக்கிவைத்தேன்.

அடுக்கி நிமிர்ந்தபோது மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. எந்த இலை வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டேனோ, அந்த இலையையே அக்காவின் முன் விரித்திருக்கிறேன்.

அக்கா இலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கைகள் மடியிலேயே இருந்தன.

அத்தான் காத்திருக்கவில்லை. ஒரு சிப்ஸால் முனையில் ஒரு வெட்டு வெட்டி வாயில் போட்டு, ருசித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "சங்கதி கொள்ளாம் கேட்டியா. புட்டு மாதிரி இருக்கு, ஆனா புட்டில்ல. மச்சினனுக்கு இந்த வயசுலதான் கை வழங்குது."

"மக்களே, இது உண்ணதா, கொறிக்கதா?" என்று அக்கா மருமகளிடம் கேட்டார். நீதிபதியின் முன் வழக்கு வந்தது போல நாங்கள் நின்றோம்.

"கொறிக்கதுதான் பெரியம்மே. உண்ணதுக்கு முன்னால உள்ளது."

"அப்ப சரி. கொறிக்கதுக்கு நான் ஒண்ணும் சொன்னதில்லியே."

ஒரு சிப்ஸை எடுத்தார். தொட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். அதன்பின் பேச்சு எங்கெங்கோ போயிற்று. அங்கத்து வெயில், அங்கத்து வாடகை, மகன் குறட்டை விடுவது, நான் சிறுவயதில் முட்டம் கலங்கரை விளக்கத்தில் பாதி ஏறி அழுதது என்று ஒன்றும் மிச்சமில்லை. "பாதியில நின்னுட்டு, கீழயும் வரமாட்டான், மேலயும் போகமாட்டான். நான்தான் தோள்ல தூக்கி இறக்கினேன்" என்றார் அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர. பேசும்போதெல்லாம் கை தன்பாட்டில் இலைக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. பிஸ்கட் தீர்ந்தது. சிப்ஸ் தீர்ந்தது. உருளை இருந்த இடத்தில் சிறிது முந்திரித் தூளும் ஒட்டிய பாலாடையுமே எஞ்சின. அக்கா பேச்சை நிறுத்தாமலே ஆள்காட்டி விரலால் இலையை மேலிருந்து கீழாக ஒரு வழிப்பு வழித்து நாவில் வைத்தார்.

அத்தான் மெல்லக் கேட்டார். "ஏட்டி, இப்ப இலையில வழிச்சுத் தின்னது ஆரு?"

அக்கா தம் விரலைப் பார்த்தார். வெறும் இலையைப் பார்த்தார். அத்தானின் விளையாட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதென்றே நான் எண்ணினேன். அவர் எழுந்துவிடுவார், சாயா கேட்பார், இருட்டுமுன் பேருந்து பிடிக்க வேண்டும் என்பார்.

அவர் இலையின் மேற்பாதியைப் பற்றி, தம் பக்கமாக மடக்கினார். எங்கள் பகுதியில் நல்ல காரியத்தில் மனம் நிறைந்து உண்டவர், உறவு தொடர வேண்டி, இலையை அப்படித்தான் மடக்குவார். மடக்கிய இலையை ஒருமுறை தட்டிவிட்டு, என் மனைவியை நோக்கிச் சொன்னார்.

"முன்னால உள்ளதத் தின்னாச்சு. பின்னால உள்ளது எங்கட்டி?"

என் மனைவி அடுக்களையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் வெளிறியது. காரணம், விருந்துக்கென்று அன்று அவள் ஒன்றுமே சமைத்திருக்கவில்லை. "மைனி, மத்தியானத்துச் சோறும் மீன்குழம்பும்தான் இருக்கு. ஒரு நாழி பொறுங்க, கோழி அடிச்சு..."

"ஆறின மீன்குழம்புக்கு என்ன கொறச்ச? கோழிய அதுபாட்டுக்கு மேய விடு. எனக்கு இலையப் போடு."

கொல்லைக்கு நானே ஓடினேன். அவசரத்தில் ஒரு தலைவாழை இலைக்கு மூன்று இலைகளை அறுத்துவிட்டேன். அக்கா சம்மணமிட்டு அமர்ந்து, குழம்பைச் சோற்றின்மேல் தாராளமாக விடச் சொல்லி, மாங்காய்த் துண்டை முதலில் தேடி எடுத்து, நிதானமாக உண்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். மனைவி பரிமாறுவதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள். மருமகள் அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பக் கைப்பேசியைத் தூக்கியபோது, அக்கா வாயில் சோற்றுடனே விரலை உயர்த்தினார்.

"குழுவுல போட்டியோ, கொன்னுபோடுவேன். அவன்கிட்ட நானே விளிச்சுச் சொல்லணும்."

அன்றிரவே அக்கா என் மகனை அழைத்து, உன் தகப்பன் சமையல் படித்துவிட்டான் என்று அரை மணி நேரம் சொன்னதாக அறிந்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: அடுத்தமுறை அந்த உருளையில் பச்சை மிளகாயைச் சற்றுக் கூட்டுவாயா என்று.

ஐயா, அம்மையீர், செய்முறையில் நான் எதையும் மறைக்கவில்லை. அடுத்த தடவைக்கு மிளகாய் நான்கு என்று மட்டும் திருத்திக்கொள்க. இவ்வளவையும் எழுதியது எங்கள் வீட்டில் நடந்த நல்லது ஒன்று தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே. பொட்டலத் தாளாகப் போய்விடாமல், இந்தத் தாளைத் தாங்கள் எடுத்து வைத்திருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.