இடது கொம்பு வளைந்த மாடு

எனக்குக் கோர்வையா எழுத வராது, மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர் நூலகத்தில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். தீப்பெட்டி லேபிளுக்காக வரைந்த ஒரு செவலை மாட்டின் முன்னால் நின்றுவிட்டேன். இடது கொம்பு வளைந்த எங்க வீட்டு மாடு! அடியில், ‘வரைந்தவர் பெயர் தெரியவில்லை.’

பெயிண்ட் வாடையே வந்துவிட்டது எனக்கு. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பெயிண்டர் மாமா எங்க தொழுவத்தில் உட்கார்ந்துதான் அதை வரைந்தார்.

“அண்ணாச்சி, கொம்ப நேராப் போடப்பிடாதா? ஊரே சிரிக்குமே” என்றாள் அம்மா.

“நேராப் போட்டா அது வேற வீட்டு மாடுல்லா, தங்கச்சி!”

எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்! காது மடலில் இருந்த கிழிசலைக்கூட விடவில்லை.

நூலகத்தில் சொல்லக் கூச்சப்பட்டு வந்துவிட்டேன். மாமா இருக்காவள்லா, அவிய பேரு செல்லையாவா, செல்லப்பாவா? யாராவது விசாரித்துப் படத்தடியில் எழுதிப்போடுங்க. மாடு எங்க மாடுதான், அதை விசாரிக்க வேண்டாம்.