நான் ஒன்றும் பார்க்கவில்லை

இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் கர்த்தருடைய சமாதானம் தங்கட்டும். என் பெயர் ஜேக்கப். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறேன். நான் செத்துப் பிழைத்தவன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. வயலில் நின்ற தண்ணீரில் வானம் அப்படியே விழுந்து கிடந்தது. பஸ் வானத்துக்கு மேலே போகிற மாதிரி இருந்தது. நெஞ்சில் ஒரு பாரம். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் மெல்ல மெல்லத் தூரமாகப் போனது. தூக்கம் வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அவ்வளவுதான். புதுவாயல் கூட்ரோட்டுக்குச் சற்று முன்னால் என் இருதயம் நின்றுவிட்டது.

அடுத்து எனக்குத் தெரிந்தது ஒரு குரல். "ஜாகோப் அண்ணா, ஜாகோப் அண்ணா." தண்ணீருக்கு அடியில் கிடப்பவனை யாரோ கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. கண் திறந்தால் ரோட்டோரம் ஈரத் தரை, ஆம்புலன்ஸ் வெளிச்சம், என் மேல் குனிந்திருந்த ரபியின் முகம். ரபி ஒடிசாக்காரர், எங்களோடு வேலை செய்கிற வெல்டர். என்னைக் கீழே கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் நெஞ்சை அழுத்தியது அவர்தான். வந்தவர்கள் ஷாக் கொடுத்த பிறகுதான் துடிப்பு திரும்பியதாம். ஆஸ்பத்திரியில் அடைத்திருந்த இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடுவில் சில நிமிஷம் நான் உலகத்திலேயே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் என் கஷ்டம் ஆரம்பித்தது.

முதலில் வேப்பம்பட்டிலிருந்து அண்ணன் வந்தார். அவர் பெந்தெகொஸ்தே சபையில் ஊழியம் செய்கிறவர். உயிர் பிரிந்த அந்த நொடியே ஆவி கர்த்தரிடம் போய்விடும், உயிர்த்தெழுதல் நாளில் அதற்கு மகிமையான சரீரம் கிடைக்கும் என்பது அவருடைய விசுவாசம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய் தம்பி, அங்க இன்னா பாத்தே, சொல்லுடா" என்றார். தன் சபையில் நான் சாட்சி சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டார்.

செவ்வாப்பேட்டையிலிருந்து மாமியார் வந்தார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் யாரையாவது பார்த்தேனா, யாராவது தங்களுக்காகச் செபிக்கச் சொன்னார்களா என்று காதோடு காதாகக் கேட்டார். பக்கத்து வீட்டில், சனிக்கிழமையில் ஆராதனை நடத்துகிற சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நான் எதையும் பார்த்திருக்க முடியாது, செத்தவர்கள் கடைசி எக்காளம் ஊதும்வரை ஒன்றும் அறியாமல் தூங்குகிறார்கள் என்றார் அவர். நான் போகிற சபை வேறு. அங்கே சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கை செய்கிறோம். நானும் சிறுவயதிலிருந்து வாய்விட்டுச் சொல்லி வந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

எல்லாரிடமும் பிறகு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஏனென்றால் நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஒளி இல்லை, இருட்டும் இல்லை. கனவுகூட இல்லை.

என் மனைவி ஸ்டெல்லா மட்டும் முதலில் எதுவும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, பாப்பாவ பாத்தீங்களா?"

பாப்பா எங்கள் மகள் ஜெனி. ஒரே பிள்ளை. ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். ஐசியூவுக்குள் எங்களை விடவில்லை. கடைசியில் அவள் பக்கத்தில் நாங்கள் இல்லை.

தலை வலிக்கிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தூக்கம் எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணை மூடினால் பஸ்ஸில் போனேனே, அதே மாதிரி எல்லாம் தூரமாகப் போகும். பதறி எழுந்துவிடுவேன். நான் போன இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் என் பிள்ளை எங்கே? மாமியார் சொல்வதுபோல் மோட்சத்தில் சம்மனசுகளோடு இருக்கிறாளா? அண்ணன் சொல்வதுபோல் ஆண்டவர் மடியிலா? அல்லது மண்ணுக்குள் தூங்குகிறாளா? பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டெல்லா சந்தோஷப்படுவாள். ஆனால் அவள் காலமெல்லாம் சாய்ந்திருக்கப் போகிற சுவரை நான் பொய்யால் கட்ட முடியாது.

பகலில் யாரும் இல்லாதபோது முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, நான் எங்கே இருந்தேன்? என் பிள்ளை எங்கே? அவள் அம்மாவுக்கு நான் என்ன சொல்ல?" பல நாள் இதே ஜெபம்தான். பதில் வரவில்லை. வீடே புகைமூட்டத்துக்குள் இருப்பதுபோல், ஆட்கள் வருவதும் போவதும் எங்கோ நடப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் வேதத்தில், பெத்தானியா ஊரில் செத்து நாலு நாள் கல்லறையில் கிடந்த மனிதனைப் பற்றி வாசித்தேன். எத்தனையோ முறை வாசித்த இடம். அன்றைக்குத்தான் கவனித்தேன். எழுந்து வந்தவன் அங்கே என்ன பார்த்தான் என்று ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. ஆண்டவர் அவனைக் கூப்பிட்டார், அவன் வெளியே வந்தான். அவ்வளவே. எனக்குள் எதுவோ இளகியது. எழுந்து சமையலறைக்குப் போனேன்.

ஸ்டெல்லா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். பாப்பாவைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை, பஸ்ஸில் கண் மூடியதும் ரபி கூப்பிட்டதும்தான் தெரியும், நடுவில் ஒன்றுமில்லை என்றேன்.

அவள் கை அரிசித் தண்ணீரிலேயே இருந்தது. பிறகு கேட்டாள்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"பயமா இருந்துச்சா? தனியா இருக்கற மாதிரி?"

"ஒண்ணுமே தெரியல ஸ்டெல்லா. கண்ண மூட்னேன், கூப்ட்டாங்க, முழிச்சிக்கினேன்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பாப்பா போனதிலிருந்து அப்படி வாய்விட்டு அவள் அழுததே இல்லை. நான் அவளை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னாள்:

"எம் புள்ள இருட்டுல அம்மா அம்மான்னு தேடிக்கினு இருந்திருப்பாளோன்னுதாங்க நான் தெனம் செத்துக்கினு இருந்தேன். தேடல. பயப்படல. கண்ண மூட்னா, அவ்ளோதான். அடுத்தது ஆண்டவரு கூப்பிடற கொரல்தான் அவ காதுல கேக்கும்."

நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் என் மனைவியின் வாயிலிருந்து வந்தது. எனக்கு அர்த்தமில்லாததாய்த் தெரிந்த அந்த ஒன்றுமில்லாத சில நிமிஷங்களை ஆண்டவர் அவளுக்காகவே வைத்திருந்தார் என்று அன்றைக்கு விளங்கியது. அந்த மத்தியானம் இரண்டு பேரும் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டோம். நான் பயமில்லாமல் தூங்கினேன்.

யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. சில நிமிஷம் போய்வந்தவன் அதைத் தீர்த்துவைக்க முடியாது. ஜெனி இப்போதே ஆண்டவர் மடியில் விழித்திருக்கலாம். அந்த நாள்வரை தூங்கிக்கொண்டும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அவள் அவருடைய கையில் இருக்கிறாள். அவர் கூப்பிடுவார், அவள் எழுந்து வருவாள், என்னை அப்பா என்று அடையாளம் கண்டுகொள்வாள். உயிர்த்தெழுதல் என்றால் எனக்கு இதுதான். முன்பெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றப் போனால் நான் கூடப் போகமாட்டேன். இந்த முறை போனேன். காற்றில் அணையாமல் கையால் மறைத்துப் பிடித்தேன்.

அண்ணன் குறித்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சபை நிரம்பியிருந்தது. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், நான் ஒன்றும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து. யாரும் கைதட்டவில்லை. அண்ணன் தலை குனிந்திருந்தார்.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி பக்கத்தில் வந்து நின்றார். வயது முப்பதுக்குள் இருக்கும். அவர் கணவர் கல்கத்தா ஹைவேயில் வண்டி மோதி இறந்துபோனார் என்று அண்ணன் பிறகு சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நெஜமா ஒண்ணும் வலிக்கலையாண்ணா?"

"வலிக்கலம்மா" என்றேன்.

அவர் அங்கேயே நின்று, நீண்ட நாள் அடைத்துக்கிடந்த மூச்சை ஒரேயடியாக விட்டார். அண்ணன் அதைப் பார்த்தார். என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்.

அன்பானவர்களே, உங்கள் பிரியமானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கண் விழித்துக் கிடக்கிறீர்களா? தெரியவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவருக்குத் தெரியும். அவரை நம்பி, இன்றைக்குக் கண்ணை மூடித் தூங்குங்கள்.